வெள்ளவத்தையில் ஓடக்கூடாது

களனியில் ஒரு சாயப்பட்டறைக்கு எங்கள் கோயமுத்தூர்க் கம்பெனி விற்ற இரண்டு பம்புகள் ஆறு மாதத்துக்குள் படுத்துவிட்டன. போய் எழுப்பிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். நான்கு நாள் வேலை என்றுதான் கிளம்பினேன். போன பிறகுதான் தெரிந்தது, கப்பலில் முன்கூட்டி அனுப்பிய உதிரிச் சாமான் பெட்டி துறைமுகத்தில் சோதனைக்காகக் காத்திருக்கிறது என்று. சண்டை நடக்கிற நாட்டுக்கு இரும்புக் குழாயும் வால்வும் போல்ட்டு நட்டும் பெட்டி நிறைய அனுப்பினால் யார்தான் சும்மா விடுவார்கள்? "பத்து நாளும் ஆகலாம், பதினஞ்சும் ஆகலாம்" என்றார் பட்டறை மேனேஜர். அந்தப் பதினைந்து நாளில்தான் நான் கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓட்டப்பந்தயமும் ஓடினேன். என் மனைவி இன்றுவரை இதை நம்பவில்லை.

தங்குவதற்கு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியறை. கீழே வீட்டுக்காரர் பத்மநாதன், அவர் மனைவி வசந்தி. யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவருக்கு ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க் வேலை, வயது நாற்பத்தொன்பது, முருங்கைக்காய் உடம்பு. போய் இறங்கிய அரைமணி நேரத்தில் என்னைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துப்போனார். நான் பயந்துவிட்டேன். வீட்டில் புது ஆள் தங்கினால் பெயர் பதிய வேண்டுமாம். எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர்ச் சொம்பு கொடுப்போம், இங்கே முதலில் பாஸ்போர்ட்டை வாங்குகிறார்கள். பதிந்துவிட்டு வந்த பிறகு வசந்தி அக்கா பிட்டும் கணவாய்க் கறியும் வைத்தார். கொங்குநாட்டு மனிதன் கடலில் பிடிக்கிற கணவாயை எங்கே கண்டான்? முதல் துண்டை மென்றபோது பம்பின் வாஷர் ஞாபகம் வந்தது. மூன்றாம் துண்டில் வாஷர் மறந்துபோய், இன்னும் இருக்கிறதா என்று சட்டியை எட்டிப்பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலை இருவரும் காலி வீதிக்கு வந்தோம். நாங்கள் ஏற வேண்டிய பஸ் இருபதடி தள்ளி நகரத் தொடங்கியது. காந்திபுரத்தில் பஸ் பிடித்துப் பழகிய கால், தானாக ஓட்டம் எடுத்தது. நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து என் சட்டையை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். பத்மநாதன் அண்ணன்தான்.

"தம்பி, இஞ்ச ஓடக்கூடாது."

"பஸ்ஸு போயிருமுங்க!"

"போகட்டும். அடுத்த பஸ் வரும்." அவர் முகத்தில் சிரிப்பில்லை. "தமிழ் ஆம்பிளை றோட்டில ஓடினால் ஏன் ஓடுறான் எண்டு ஒரு கேள்வி வரும். எதையோ வைச்சிட்டு ஓடுறான் எண்டு நினைப்பினம். நான் இந்தக் கொழும்புக்கு வந்து இருபது வருசம், ஒரு நாளும் ஓடினதில்லை. மழைக்கும் ஓடினதில்லை."

பிறகு கவனித்தேன், அது அவர் ஒருவர் பழக்கமில்லை. மழை கொட்டும்போது அந்த வீதியில் பாதி ஜனம் தலைதெறிக்க ஓடியது, மீதிப் பாதி நனைந்தபடி நிதானமாக நடந்தது. நடந்தவர்கள் யார் என்று எனக்குக் கேட்காமலே விளங்கியது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் தம் தம் என்று சத்தம். ஏறிப் பார்த்தால் பத்மநாதன் அண்ணன் அரைக்கால் சட்டையும் பனியனுமாகத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்திருந்தார். என்னைக் கண்டதும் நின்று, மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னார்.

கல்கிசையில் ஒரு நீச்சல் கிளப் புதிதாக ஒரு போட்டி நடத்துகிறது. ட்ரையத்லான். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீந்தி, கரையேறி இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். இதுதான் இருப்பதிலேயே சின்ன அளவாம். ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் பார்த்துப் பெயர் கொடுத்திருக்கிறார். எங்கோ குண்டு வெடித்ததென்று இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நிச்சயம் நடக்கும்.

"கீரிமலைக் கேணியில நீந்திப் பழகினனான். சைக்கிள் எண்டால் யாழ்ப்பாணத்தானுக்குக் கால் மாதிரி. பள்ளிக்கூடத்தில ஆயிரத்தைஞ்ஞூறு மீற்றர் ஓட்டத்தில மூண்டு வருசம் நான்தான் முதல்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "சாகிறதுக்கு முன்னம் இந்த ஊர் றோட்டில ஒருக்கால் ஓடிப் பாக்கோணும் தம்பி. பத்துப்பேர் பாக்க, நெஞ்சில நம்பர் குத்திக்கொண்டு. வேற ஒண்டுமில்லை."

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைக் கவிழ்த்தது. "தம்பிக்கு நீந்தத் தெரியுமோ?"

"கிணத்துல நல்லா நீந்துவேனுங்க."

"பிறகென்ன? கடலும் பெரிய கிணறுதானே. நீங்களும் வாங்கோ. பக்கத்தில ஒரு இந்தியன் பாஸ்போட் ஓடி வந்தால் எனக்கும் தெம்பு."

சாப்பிட்ட சோற்றுக்கு மறுப்பு சொல்ல முடியவில்லை. பெயர் கொடுத்துவிட்டேன்.

கிணற்று நீச்சல்காரனிடம் ஒரு குறை உண்டு. பத்துக் கை வீசியதும் சுவர் வரும், பிடித்துக்கொண்டு மூச்சு விடலாம். கல்கிசைக் கடலில் முதல் நாள் நான் பத்துக் கை வீசிவிட்டுச் சுவரைத் தேடினேன். சுவர் மாலத்தீவில் இருந்தது. அலை வாய்க்குள் புகுந்து மூக்கால் வந்தது. கரையில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த இரண்டு சிங்களப் பெரியவர்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். பத்மநாதன் அண்ணன் மொழிபெயர்க்கத் தயங்கினார். "அவர் நீந்துறாரோ, ஆரையும் கூப்பிடுறாரோ எண்டு கேக்கினம்" என்றார். ஆனாலும் அந்தப் பெரியவர்களில் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கிவந்து, பக்கவாட்டில் தலையைத் திருப்பி மூச்சு எடுப்பது எப்படி என்று என் காதைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். அவர் சிங்களத்தில் சொன்னது எனக்கும், நான் தமிழில் திட்டியது அவருக்கும் விளங்கவில்லை என்பதால் பாடம் சுமுகமாக நடந்தது. ஐந்தாம் நாள் மூழ்காமல் முக்கால் கிலோமீட்டர் போனேன்.

போகவர ரயில்தான். கடலை ஒட்டிப் போகும் தண்டவாளம், அலை தெறித்துப் படிக்கட்டில் தொங்குகிறவர்களை நனைக்கும். ஒரு நாள் கூட்ட நெரிசலில் அண்ணன் வெள்ளவத்தையில் இறங்கிவிட, நான் இறங்க முடியாமல் கோட்டை வரை போய்விட்டேன். ஈர ஜட்டியும் துண்டும் வைத்த பையோடு கோட்டை நிலையத்தில் இறங்கினால் விடுவார்களா? பையைக் கொட்டச் சொன்னார்கள். அத்தனை பேர் பார்க்க என் ஈர ஜட்டியை ஒருவர் இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்கும் கஷ்டமான உத்தியோகம்தான்.

சைக்கிள் வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே நஸீர் நானா என்று ஒருவர் சைக்கிள் கடை வைத்திருந்தார், அண்ணனின் பழைய சிநேகிதர். கடைக்குள் நுழைந்ததும், "இரிங்க, இரிங்க. பத்மநாதன் செல்லி அனுப்பின இந்தியாக்காரர்தானே? பிளேன்டீ குடிச்சிட்டுப் பேசுவம்" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். பால் இல்லாத அந்தத் தேநீரோடு ஒரு துண்டு வட்டிலப்பம் வந்தது. தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்து வாயில் கரைந்தது. இன்னொரு துண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது, அவரே வைத்துவிட்டார். ஒல்லி டயர் போட்ட சிவப்பு சைக்கிள் ஒன்றை இரவலாகக் கொடுத்து, பிரேக்கை இறுக்கி, காற்றடிக்கும் கைப்பம்பையும் சட்டத்தில் செருகிவிட்டார். "ஓடி முடிச்சிட்டுக் கொண்டாங்க. முடிக்காட்டியும் கொண்டாங்க" என்றார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு மிதித்து வருவதற்குள் ஏழு இடத்தில் நிறுத்தினார்கள். ஆறு இடத்தில் பாஸ்போர்ட்டோடு சரி. ஏழாவது சாவடியில் நின்ற இளம் சிப்பாய் கைப்பம்பைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். "மேக்க மொகத?" என்றார். இது என்ன என்கிறார் என்று அவர் கண்ணே சொல்லியது. நான் பம்பு கம்பெனி ஆள். பம்பு என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. மெதுவாகக் கழற்றி என் முகத்தில் அடித்துக் காட்டினேன். அவர் வாங்கித் தன் முகத்தில் அடித்துப் பார்த்தார். நல்ல வெயில். இன்னும் நாலு தடவை அடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவருக்கும் அடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் புயல் அடித்தது. வசந்தி அக்கா அதுவரை போட்டி என்றால் நீச்சலும் சைக்கிளும் மட்டும் என்று நினைத்திருக்கிறார். மாடியில் ஓடுவது உடம்பு இறுகுவதற்கு என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தாராம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கடைசி அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் நம்ம வெள்ளவத்தையிலதான் முடியுதுங்கக்கா, நீங்க வந்து கைதட்டோணும்" என்றேன். இடியப்பத் தட்டு மேசையில் ணங்கென்று விழுந்தது.

"ஓட்டமோ? றோட்டிலயோ?"

"பொலிஸ் அனுமதி எடுத்துத்தான் நடத்துகினம். காலமை எட்டரை மட்டும் றோட்டு மூடியிருக்கும்" என்றார் அண்ணன், சொதியைப் பார்த்துக்கொண்டு.

"நீந்துங்கோ. சைக்கிளில போங்கோ. ஓட நான் விடமாட்டன். என்ர தம்பிக்கும் அப்ப எல்லாரும் ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவை."

அக்காவின் தம்பி ரவி கதையை அப்போதுதான் கேட்டேன். பதினைந்து வருஷத்துக்கு முன்பு, கொழும்பில் படித்துக்கொண்டிருந்த பையன், பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறான். அதே நேரத்தில் அரை மைல் தள்ளி ஒரு குண்டு வெடித்திருக்கிறது. ஓடினவன் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம். அக்கா ஒவ்வொரு வாசலாக நின்றிருக்கிறார். பிறகு விட்டுவிட்டார்கள். இப்போது ஜெர்மனியில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். "அங்க ஸ்டேசனில ரெயின் வந்து நிண்டாலும் நடந்துதான் போறானாம். அவன்ர மனிசி எனக்குப் போனில சொல்லி அழுகிறாள்" என்றார் அக்கா.

யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் அண்ணன், "சரி, நடக்கிறன். கடைசி அஞ்சு கிலோமீற்றரும் நடந்தே முடிக்கிறன். சத்தியம்" என்றார்.

"உங்கட வாயால சொன்னது. தம்பி சாட்சி."

மாடிக்கு வந்ததும் நான் கணக்குப் போட்டேன். போட்டிக்கு மொத்தம் இரண்டு மணி நேரம். எட்டரைக்கு வீதியைத் திறந்துவிடுவார்கள், அதற்குள் வராதவர்களை ஒரு வான், நம்மூர் வேன்தான், பின்னால் வந்து ஏற்றிக்கொள்ளும், அவர்கள் முடித்ததாகக் கணக்கில்லை. நடந்தால் அண்ணனால் முடிக்கவே முடியாது. அவருக்கு இது தெரியும். தெரிந்துதான் சத்தியம் செய்திருக்கிறார். என் கெட்ட வாயை நொந்துகொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அக்கா எழுந்து எள்ளுருண்டையும் கதலிப்பழமும் கட்டி வைத்திருந்தார். அதோடு இன்னொரு காரியமும் செய்திருந்தார். அண்ணனின் அடையாள அட்டையையும் என் பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பாலித்தீன் பையில் போட்டு, முறுக்குப் பாக்கெட் ஒட்டுவதுபோல மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்டி, எங்கள் நீச்சல் உடுப்பின் உள்பக்கம் பை தைத்து வைத்துவிட்டார். கடலுக்குள் யாரம்மா அடையாள அட்டை கேட்கப் போகிறார்கள் என்று கேட்கலாமா? கேட்கவில்லை. அண்ணனுக்கு அதில் வியப்பே இல்லை. அது இல்லாமல் அவர் குப்பை கொட்டக்கூட வாசலுக்குப் போனதில்லை.

கல்கிசைக் கரையில் அறுபது பேர் நின்றார்கள். பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள், கொஞ்சம் வெள்ளைக்காரர்கள். புஜத்தில் மை பேனாவால் எண் எழுதினார்கள். அண்ணன் நாற்பத்திரண்டு, நான் நாற்பத்துமூன்று. தோப்போரமாக அந்த வான் நின்றது. அதைப் பார்த்ததும் அண்ணன் என் விலாவில் இடித்தார்.

"தம்பி, வானின்ர கலரைப் பாத்தியளோ?"

வெள்ளை. அந்தக் காலத்தில் கொழும்பில் வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வந்த கதை குறைவு. பெயர் சொன்னாலே வீட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஏற்பாட்டாளர்களில் யாருக்கும் அது தோன்றவில்லை போலிருக்கிறது, வானுக்கு இரண்டு பலூன் வேறு கட்டியிருந்தார்கள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருபது வருசம் தப்பினன், இண்டைக்குப் பலூன் கட்டிக்கொண்டு வந்து நிக்கிறான்!" எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

ஆறரைக்கு ஊதல். கடலுக்குள் பாய்ந்தேன். தைத்த பை நழுவி, இந்தியக் குடியரசின் பாஸ்போர்ட் என் தொடைக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. காலை உதைக்கும்போதெல்லாம் அட்டை முனை குத்தியது. ஒரு கையால் நீந்தி, மறுகையால் அதை மேலே தள்ளி, எப்படியோ இருபத்தைந்து நிமிடத்தில் கரையேறினேன். அண்ணன் ஐந்து நிமிடம் முன்பே ஏறி, சைக்கிள் பக்கத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். போங்கண்ணா என்று கத்தினால், "சேந்து வந்தனாங்கள், சேந்து போவம்" என்கிறார். பந்தயம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியவில்லை.

சைக்கிள் பகுதி கல்கிசையைச் சுற்றி நான்கு சுற்று. அண்ணன் நிமிர்ந்த கைப்பிடி வைத்த தன் கனமான சைக்கிளில் ஒல்லி டயர்க்காரர்கள் பலரை முந்தினார். நான் நாக்குத் தள்ளப் பின்னால் போனேன். இப்படியே போனால் நடந்தும் முடித்துவிடலாமோ என்று ஆசைகூட வந்தது. அப்போதுதான் சுற்றின் நடுவில் ஒரு சோதனைச் சாவடி வந்தது. சிப்பாய்கள் ஓரமாக ஒதுங்கி நின்று எல்லோரையும் கையசைத்து அனுப்பினார்கள். முன்னால் போன இருபது பேரும் பறந்தார்கள். பத்மநாதன் அண்ணன் பிரேக் போட்டார். இறங்கினார். இடுப்பிலிருந்து பாலித்தீன் பையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி தலை குனிந்து சாவடியைக் கடந்தார். முப்பதடி தாண்டியபின் ஏறி மிதித்தார்.

"என்னங்கண்ணா இது?"

"என்ன?" என்றார். பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அட, கடவுளே! யாழ்ப்பாணத்தில ஆமிச் சென்றியடியில சைக்கிளால இறங்கி உருட்டித்தான் போகோணும். கால் தானா இறங்கிட்டுது."

இரண்டாம் சுற்றிலும் இறங்கினார். மூன்றாம் சுற்றில் நான் முன்கூட்டியே, "அண்ணா, இறங்காதீங்க, இறங்காதீங்க" என்று கத்திக்கொண்டே போனேன். இறங்கினார். அவரைப் பார்த்து என் காலும் இறங்கிவிட்டது. சிப்பாய்கள் சிரிப்பை அடக்க முடியாமல் "யன்ன, யன்ன!" என்று போகச் சொல்லிக் கத்தினார்கள். நான்காம் சுற்றில் ஒருவர் ஓடி வந்து, அண்ணன் இறங்குவதற்குள் ஆசனத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அண்ணன் சாவடியை உட்கார்ந்தபடி கடந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், திருடிவிட்டுப் போகிறவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சைக்கிளை நிறுத்தியபோது மணி ஏழு ஐம்பது. நாற்பது நிமிடம் மிச்சம், ஐந்து கிலோமீட்டர். சாதாரண மனிதன் மெதுவாக ஓடினாலே போதும். அண்ணன் நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, கையை வீசி நடக்கத் தொடங்கினார்.

அந்த நடையை நான் மறக்க மாட்டேன். முழங்கை பறக்கிறது, இடுப்பு ஆடுகிறது, ஒரு கால் எப்போதும் மண்ணில் இருக்கிறது. நான் பக்கத்தில் ஓடினேன், அவர் நடந்தே என்னோடு வந்தார். "யாரு பாக்கப் போறாங்க, கொஞ்சம் ஓடுங்கண்ணா" என்றேன்.

"சாட்சியே இப்பிடிச் சொல்லலாமோ?" என்றார்.

"முடிக்க முடியாதுங்க."

"தெரியும். அவள் அந்த ரெண்டு மாசமும் பட்டதை நான் பக்கத்தில நிண்டு பாத்தனான் தம்பி."

தெஹிவளையில் பாலத்தடிச் சிப்பாய் ஒருவர் எங்களைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "அங்கிள், துவன்ன! துவன்ன!" என்று கத்தினார். ஓடச் சொல்கிறார். துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவர் அண்ணனை ஓடச் சொல்லும் காலமும் வந்தது. அண்ணன் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். இளவட்டங்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். பின்னால் பலூன் கட்டிய வெள்ளை வான் ஆமையாக ஊர்ந்து வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏறிக்கொள்ளுங்களேன் என்று அன்பாகக் கூப்பிட்டார்.

வெள்ளவத்தைக் கடற்கரை வீதிக்குள் திரும்பினோம். எட்டு இருபத்தைந்து. கோடு இருக்கும் இடத்தில் கொடிகள் சின்னதாகத் தெரிந்தன, முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும். அந்த வீதியில் எதிர்ப்பக்கமாக ஒரு பெண் தனியாக வேகமாக வந்துகொண்டிருந்தார். வசந்தி அக்கா. அநேகமாக எல்லோரும் வந்து சேர்ந்தும் நாங்கள் வராததால், பிடித்துவிட்டார்களோ என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி, அவருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வருகிற வானைக் கண்டார்.

அக்கா நின்றுவிட்டார். வானைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், தூரத்துக் கொடியைப் பார்த்தார்.

"உது ஏன் பின்னால வருது?"

"எட்டரைக்கு முந்தி வராட்டி ஏத்திக்குவாங்கக்கா. முடிச்ச கணக்கு இல்லீங்க" என்றேன். "இன்னும் அஞ்சு நிமிசம்தான்."

"ஓடினால்?"

"ஓடினா முடிச்சிரலாமுங்க."

அண்ணன் நடையை நிறுத்தவில்லை. எங்களைத் தாண்டி நடந்துகொண்டே, "பிரச்சினை இல்லையப்பா, நான் ஓடேல்லை, நடந்துதான் வந்தனான். தம்பியைக் கேளும்" என்றார். அந்தக் குரலில் குறை ஒன்றுமே இல்லை.

"இஞ்சேருங்கோ!" அக்கா போட்ட சத்தத்தில் எதிரே ரயில் பாதையில் நின்ற காக்கைகள் கிளம்பின. "ஓடுங்கோ!"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நீர்தானே..."

"நான்தான் சொன்னனான். இப்பவும் நான்தான் சொல்லுறன். ஓடுங்கோவன்!"

அண்ணனால் முடியவில்லை. ஓட வேண்டும் என்று உடம்பு முன்னால் சாய்கிறது, கால் எழும்பவில்லை. இருபது வருஷம் அடக்கி வைத்த கால். அக்கா ஒரு கணம் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார், சேலையை ஒரு கையால் முழங்கால் வரை தூக்கிப் பிடித்தார், அந்த வெள்ளவத்தை வீதியின் நட்டநடுவில் அவர் ஓடத் தொடங்கினார். அண்ணனைத் தாண்டி ஓடினார். ஓடிக்கொண்டே திரும்பி, "வாங்கோ! வாங்கோ!" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது அண்ணன் ஓடினார்.

முதல் நாலு எட்டு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றுகிற எட்டு. பிறகு கால் நீண்டது. தோள் இறங்கியது. அக்காவைத் தாண்டினார். மாடியிலிருந்து பார்த்தவர்கள் கைதட்டினார்கள். எங்களுக்கு முன்னால் தளர்ந்து போன ஒரு வெள்ளைக்காரனையும் தாண்டினார். நானும் பாஸ்போர்ட் குத்தக் குத்த ஓடினேன். எட்டு இருபத்தொன்பதுக்கு அவர் கோட்டைத் தாண்டினார். கடைசி நொடிகளில் நானும் விழுந்தடித்துத் தாண்டினேன். யாரோ என் கழுத்தில் ஒரு நாடாவைப் போட்டு, கையில் இளநீரைக் கொடுத்தார்கள். முடித்துவிட்டேன். கிணற்று நீச்சல்காரன் முடித்துவிட்டேன்.

அண்ணனைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினால் ஆளைக் காணவில்லை. கோட்டில் நின்ற ஏற்பாட்டாளர் இரண்டு கையையும் ஆட்டி வடக்கே பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டாம் எண் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, கொடிகளைத் தாண்டி, கடலோரமாகப் பம்பலப்பிட்டிப் பக்கம் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

நான் இளநீரைக் கீழே வைத்துவிட்டுப் பதறிக் கத்தினேன். மணி எட்டரை, வீதியைத் திறக்கிறார்கள், இவர் இன்னும் ஓடுகிறாரே! "அண்ணா! முடிஞ்சுதுங்கண்ணா! நில்லுங்க!"

அப்போதுதான் செருப்பைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க வந்து சேர்ந்த அக்கா என் தோளைப் பிடித்து அமர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னதாகிக்கொண்டே போகிற அந்த மனிதரைப் பார்த்தபடி சொன்னார்.

"கூப்பிடாதேங்கோ தம்பி. ஓடட்டும்."